எழுந்து நிற்கும் பலம்

(வானொலி மறையுரை வரிசையிலிருந்து, பங்கு மக்களுக்காக)



திருப்பலியில் நற்செய்தி வாசிக்கும் நேரம் வந்ததும் நாம் எல்லாரும் எழுந்து நிற்கிறோம். பீடத்திலிருந்து பார்க்கும் எனக்கு அப்போது ஒரு காட்சி தெரியும். இளையவர்கள் சட்டென்று எழுந்துவிடுவார்கள். பெரியவர்கள் முன் பெஞ்சைப் பிடித்து, ஒரு கையை முழங்காலில் ஊன்றி, பாதி எழுந்து, ஒரு பெருமூச்சு விட்டு, அதன்பிறகு நிமிர்வார்கள். அதற்குள் வாசகத்தின் முதல் வரி முடிந்திருக்கும்.

உடுமலைப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் எனக்குத் தெரிந்த பாட்டி ஒருவர் இருந்தார். ஆலயத்தில் எப்போதும் முன்வரிசையில், பாயில்தான் உட்காருவார். சில ஆண்டுகள் கழித்து ஓரத்தில் போட்டிருந்த நாற்காலிக்கு மாறினார். பிறகு நற்செய்தி வாசிக்கும்போதும் எழாமல் உட்கார்ந்தே கேட்டார். பிறகு ஆலயத்துக்கு வருவதே நின்றுபோனது. மாதத்தின் முதல் வெள்ளியன்று நற்கருணை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். "உடம்புக்கு என்னம்மா?" என்று கேட்டேன். "நோவு ஒண்ணும் இல்லீங்க சாமி. உக்காந்தா எந்திரிக்க முடியறதில்லீங்க. எங்க விழுந்துருவனோன்னு பயமா இருக்குதுங்க" என்றார்.

நோய் எதுவும் இல்லை. ஆனாலும் ஆலயம் போயிற்று, சந்தை போயிற்று, பேத்தி வீடு போயிற்று. கடைசியில் அவருடைய உலகம் கட்டிலுக்கும் கழிப்பறைக்கும் இடையே சுருங்கிவிட்டது. "வயசாயிருச்சு, அவ்வளவுதான்" என்று வீட்டில் எல்லாரும் சொன்னார்கள். நானும் அன்று அப்படித்தான் நினைத்தேன். அந்த நினைப்பு முழு உண்மை அல்ல. எழுந்து நிற்கும் பலத்தை வயது மட்டும் எடுத்துக்கொண்டு போவதில்லை. நாம் பயன்படுத்தாமல் விடுவதும் அதை எடுத்துக்கொண்டு போகிறது. பயன்படுத்தாததால் போனதில் ஒரு பங்கை மெதுவாக, பொறுமையாகத் திரும்பப் பெறலாம். இதைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

லூக்கா நற்செய்தியின் 13ஆம் அதிகாரத்தில் கூன் விழுந்த ஒரு பெண்ணைச் சந்திக்கிறோம். பதினெட்டு ஆண்டுகளாக நிமிர முடியாதவர். இயேசு தொழுகைக்கூடத்தில் போதித்துக்கொண்டிருக்கிறார். கூட்டத்தில் இருக்கும் அந்தப் பெண்ணை அவரே கண்டு, அருகில் அழைக்கிறார். அந்தப் பெண் வாய் திறந்து எதுவும் கேட்டதாக நற்செய்தி சொல்லவில்லை. பதினெட்டு ஆண்டுகள் ஆகிவிட்டால் யாரும் கேட்பதில்லை. ஊரும் அவரை அப்படியே பார்த்துப் பழகிவிடுகிறது. ஆண்டவர் மட்டும் பழகிப்போகவில்லை. அவருக்கு வந்தது என்ன நோய் என்று நாம் சொல்ல முடியாது. ஆனால் நம் வீடுகளில் ஆண்டுக்கு ஆண்டு முதுகு வளைந்துகொண்டே போகிற தாய்மார்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பார்த்து நாமும் பழகிவிட்டோமா என்று நம்மையே கேட்டுக்கொள்வோம்.

முதலில் எலும்பைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்வோம். எலும்பு என்றால் வீட்டுக்கு நட்ட கல்தூண் போல, ஒருமுறை வைத்தால் அப்படியே இருப்பது என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. எலும்பு உயிருள்ளது. பழைய எலும்பை அரித்தெடுக்கும் உயிரணுக்கள் ஒரு பக்கம் வேலை செய்கின்றன. புதிய எலும்பைக் கட்டும் உயிரணுக்கள் இன்னொரு பக்கம் வேலை செய்கின்றன. ஏறத்தாழ முப்பது வயது வரை கட்டுமானம் முந்துகிறது. அதன்பின் அரிப்பு மெல்ல மெல்ல முந்துகிறது. பெண்களுக்கு மாதவிடாய் நின்ற பிறகு வரும் முதல் சில ஆண்டுகளில் இந்த இழப்பு வேகமாகிறது. கூன் விழுவதும், லேசாக விழுந்தாலே எலும்பு முறிவதும் பெண்களிடம் அதிகம் காணப்படுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

நம் ஊரில் எல்லாவற்றையும் "தேய்மானம்" என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். முழங்கால் மூட்டில் உள்ள குருத்தெலும்பு தேய்ந்து வலிப்பது ஒன்று. எலும்பே உள்ளுக்குள் மெலிந்து, கரையான் அரித்த மரம்போல் ஆவது வேறு. மருத்துவர்கள் ஆஸ்டியோபோரோசிஸ் என்று சொல்வது இந்த இரண்டாவதைத்தான். மூட்டுத் தேய்மானம் வலித்துக் காட்டிக்கொடுக்கும். எலும்பு மெலிவு பெரும்பாலும் வலிக்காது. மணிக்கட்டோ இடுப்போ முறிந்த பிறகுதான் அது இருப்பதே பலருக்குத் தெரியவருகிறது.

எலும்பு எங்கே அதிகம் கட்டப்படுகிறது? எங்கே சுமை விழுகிறதோ, எங்கே தசை இழுக்கிறதோ, அங்கே. இதை 1892ஆம் ஆண்டிலேயே ஜெர்மனியைச் சேர்ந்த அறுவை மருத்துவர் யூலியஸ் வோல்ஃப் எழுதி வைத்தார். விண்வெளிக்குப் போகும் வீரர்களைப் பாருங்கள். அங்கே உடலின் எடை காலில் இறங்குவதில்லை. திடகாத்திரமான அந்த இளைஞர்களுக்கே இடுப்பு போன்ற சுமை தாங்கும் எலும்புகளில் மாதத்துக்கு ஒன்று முதல் ஒன்றரை சதவீதம் வரை அடர்த்தி குறைந்துவிடுகிறது. நாள் முழுவதும் சோபாவில் சாய்ந்திருக்கும் நாமும் நம் எலும்பைக் கிட்டத்தட்ட விண்வெளிக்குத்தான் அனுப்பிவிடுகிறோம்!

தசையின் கதையும் இதுதான். நடுவயதிலிருந்தே அது குறையத் தொடங்குகிறது. அறுபதுக்கு மேல் வேகமாகக் குறைகிறது. குறிப்பாகத் தொடையிலும் பிட்டத்திலும் உள்ள தசைகள். நாற்காலியிலிருந்து நம்மை எழுப்புபவை அவையே. தடுமாறும்போது காலை எட்டி ஊன்றி விழாமல் காப்பவையும் அவையே. ஆகவே எலும்புக்கும் தசைக்கும் மருந்து ஒன்றுதான்: அளவான சுமை, அன்றாடம்.

நம் அம்மிச்சிகளும் அப்பாருகளும் உடற்பயிற்சி என்று தனியாக எதுவும் செய்யவில்லை. கிணற்றில் தண்ணீர் சேந்தினார்கள், ஆட்டுக்கல்லில் மாவாட்டினார்கள், களை வெட்டினார்கள், கட்டுத்தரையில் சாணி அள்ளினார்கள், தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுத் தரையிலிருந்தே எழுந்தார்கள். ஒரு நாளைக்கு எத்தனை முறை குந்தி எழுந்தார்கள் என்று அவர்களுக்கே தெரியாது. அந்தக் காலம் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. அந்த வேலையில் இடுப்பொடிந்து போனவர்களும் உண்டு. இன்று கிரைண்டர் வந்தது, குழாய் வந்தது, கேஸ் அடுப்பு வந்தது. எல்லாம் நல்லவை. ஆனால் அந்த வேலைகள் போனபோது, அவற்றோடு சேர்ந்து நம் எலும்புக்குக் கிடைத்துவந்த சுமையும் போய்விட்டது. நூற்பாலையில் முப்பது ஆண்டுகள் நின்றே வேலை பார்த்தவர் ஓய்வு பெற்றதும் மறுநாள் முதல் தொலைக்காட்சி முன் அமர்ந்துவிடுகிறார். உடல் அதைப் புரிந்துகொள்ளும் விதம் ஒன்றுதான்: இந்தக் கால் இனி தேவையில்லை போலிருக்கிறது.

இதில் பிள்ளைகளின் பாசமும் ஒரு பங்கு வகிக்கிறது. "நீங்க சும்மா உக்காருங்காத்தா, நாங்க பாத்துக்கறோம்." எவ்வளவு அன்பான வார்த்தை! ஆனால் தண்ணீர்ச் செம்பை எடுத்துக் கொடுத்து, வாசல் கூட்டுவதைப் பிடுங்கிக்கொண்டு, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதையும் தடுத்துவிட்டால், அந்தத் தாய்க்கு எழுந்திருக்க ஒரு காரணமும் மிஞ்சாது. அவரால் ஆபத்தில்லாமல் செய்ய முடிந்த வேலையை அவரிடமே விட்டுவைப்பதும் பாசம்தான்.

"சரிங்க சாமி, எனக்கு எண்பதாச்சு. இனிமே என்னத்த?" என்று கேட்பீர்கள். 1990ஆம் ஆண்டு அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் மருத்துவர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வைச் சொல்கிறேன். முதியோர் இல்லம் ஒன்றில் வசித்த பத்துப் பேர். வயது 86 முதல் 96 வரை. மேற்பார்வையோடு, வாரம் மூன்று நாள், காலுக்குச் சுமை கொடுத்துப் பயிற்சி தந்தார்கள். எட்டு வாரம் முடிந்தபோது, முழுவதும் கலந்துகொண்ட ஒன்பது பேரின் கால் வலிமை சராசரியாக இரண்டரை மடங்குக்கு மேல் ஆகியிருந்தது. இருவர் கைத்தடியை விட்டுவிட்டு நடந்தார்கள். தொண்ணூறு வயதில்! ஆனால் அதே ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. பயிற்சியை நிறுத்திய நான்கே வாரத்தில், பெற்ற வலிமையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. செய்தால் வரும், விட்டால் போகும். செபத்துக்கும் இது பொருந்தும் என்று உங்களில் சிலர் நினைப்பது எனக்குக் கேட்கிறது.

பாஸ்டன் வரை போகவும் வேண்டாம். உடுமலையிலிருந்து மேற்கே பொள்ளாச்சி. அதற்குப் பக்கத்தில் ஜமீன் காளியாபுரம் என்ற ஊர். அங்கே ஒரு விவசாயக் குடும்பத்தில் 1920ஆம் ஆண்டு பிறந்தவர் நானம்மாள். சிறுவயதிலேயே வீட்டுப் பெரியவர்களிடம் யோகாசனம் கற்றார். திருமணமாகி, பிள்ளைகளைப் பெற்று வளர்த்து, கோவையில் வாழ்ந்து, பயிற்சியை மட்டும் விடவில்லை. தொண்ணூறு வயதைக் கடந்தும் சேலை கட்டிக்கொண்டே ஆசனங்கள் செய்துகாட்டினார், மற்றவர்களுக்கும் கற்றுக்கொடுத்தார். 2018ஆம் ஆண்டு நாட்டின் பத்மஸ்ரீ விருது அவருக்கு அறிவிக்கப்பட்டது. 2019 அக்டோபரில், 99ஆம் வயதில் மறைந்தார்.

அவருடைய படத்தைப் பார்த்துவிட்டு நாளைக் காலையே யாரும் தலைகீழாக நிற்கப் போக வேண்டாம். அவர் குழந்தைப் பருவத்தில் தொடங்கியவர். எழுபதில் தொடங்கும் நாம் அவரைப் போலச் செய்ய முடியாது. நாம் அவரிடம் எடுத்துக்கொள்ள வேண்டியவை வேறு மூன்று: தினமும் செய்தது, அவசரமில்லாமல் செய்தது, மூச்சிலும் அசைவிலும் கவனம் வைத்துச் செய்தது.

யோகா என்றதும், "நாம் செய்யலாமா சாமி?" என்று ஒரு கேள்வி வரும். 1989ஆம் ஆண்டு அக்டோபர் 15 அன்று, புனித அவிலா தெரேசாவின் திருவிழா நாளில், விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் கிறிஸ்தவத் தியானம் பற்றி ஆயர்களுக்கு ஒரு மடல் எழுதியது. அப்போது அந்தப் பேராயத்தின் தலைவராக இருந்தவர் கர்தினால் இராட்சிங்கர். பின்னாளில் திருத்தந்தை 16ஆம் பெனடிக்ட். உடலின் நிலையும் மூச்சும் செபத்துக்குத் துணையாகலாம் என்பதை அந்த மடல் மறுக்கவில்லை. உடற்பயிற்சி தரும் அமைதியையே தூய ஆவியின் கொடையாக எண்ணி ஏமாந்துவிடக் கூடாது என்று எச்சரிக்கிறது. நாம் இங்கே பேசுவது எழுந்து நிற்பதும் சுவரைத் தள்ளுவதும்தான். அதற்கு எந்த மதமும் இல்லை.

இப்போது ஓர் எச்சரிக்கை. இதைக் கவனமாகக் கேளுங்கள். எலும்பு மெலிந்தவர்கள் முன்னால் குனியும் பயிற்சிகளைச் செய்யக் கூடாது. 1984ஆம் ஆண்டு அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தில், முதுகெலும்பு மெலிந்த பெண்களை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். முதுகை நிமிர்த்தும் பயிற்சி மட்டும் செய்த 25 பேரில் 4 பேருக்குப் புதிதாக முதுகெலும்பு நசுங்கியது. முன்னால் குனியும் பயிற்சி மட்டும் செய்த 9 பேரில் 8 பேருக்கு நசுங்கியது. சிறிய ஆய்வுதான், ஆனாலும் மருத்துவர்கள் இன்றுவரை அந்தப் பாடத்தை மறக்கவில்லை. எனவே கால் விரலைத் தொடக் குனிவது, முதுகை வேகமாக முறுக்குவது, குனிந்து பாரம் தூக்குவது இவையெல்லாம் வேண்டாம். முன்பு எலும்பு முறிந்தவர்கள், உயரம் குறைந்துவருபவர்கள், ஆஸ்துமாவுக்கோ மூட்டுவலிக்கோ நெடுநாள் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டவர்கள், இதய நோய் உள்ளவர்கள், அடிக்கடி தலை சுற்றுபவர்கள் முதலில் மருத்துவரிடம் காட்டிவிட்டுத் தொடங்குங்கள். எலும்பின் அடர்த்தியை அளக்க டெக்ஸா ஸ்கேன் இருக்கிறது. தேவையா என்று மருத்துவர் சொல்வார்.

சரி, என்ன செய்யலாம்? வீட்டில் கைப்பிடியில்லாத, ஆடாத ஒரு நாற்காலி போதும். பிளாஸ்டிக் நாற்காலி வழுக்கும். அதைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். வெறுங்காலோடு, ஈரமில்லாத தரையில் நில்லுங்கள். ஐந்து பயிற்சிகள்.

முதலாவது, எழுந்து உட்காருதல். நாற்காலியின் முன்பக்கம் நகர்ந்து உட்காருங்கள். பாதம் இரண்டும் தரையில் பதியட்டும். கைகளை மார்பின்மேல் குறுக்காக வையுங்கள். உடலை லேசாக முன்னால் சாய்த்து, மெதுவாக எழுந்து நிமிர்ந்து நில்லுங்கள். அதைவிட மெதுவாக உட்காருங்கள். தொப்பென்று விழ வேண்டாம். கை ஊன்றாமல் முடியாதவர்கள் கை ஊன்றியே தொடங்குங்கள்; அல்லது நாற்காலியில் தலையணை போட்டு உயர்த்திக்கொள்ளுங்கள். ஐந்து முறை போதும். சில வாரம் கழித்துப் பத்தாகட்டும்.

இரண்டாவது, குதிகால் உயர்த்துதல். சமையல் மேடையையோ சன்னல் கம்பியையோ பிடித்து நின்று, இரண்டு குதிகாலையும் தூக்கி, மூன்று எண்ணி, மெதுவாக இறக்குங்கள். பத்து முறை.

மூன்றாவது, சமநிலை. பிடிமானத்தின் பக்கத்திலேயே நின்று, ஒரு பாதத்தின் குதிகாலுக்குப் பின்னால் மற்றப் பாதத்தின் விரல் தொடும்படி, நூல் பிடித்தாற்போல் நில்லுங்கள். பத்து எண்ணுங்கள். காலை மாற்றுங்கள். இது எளிதான பிறகு, விரலால் மேடையைத் தொட்டபடி ஒற்றைக்காலில் நின்று பாருங்கள். தனியாக இருக்கும்போது இதைச் செய்ய வேண்டாம்; பக்கத்தில் ஒருவர் இருக்கட்டும்.

நான்காவது, சுவரைத் தள்ளுதல். சுவரிலிருந்து ஒரு கை தூரத்தில் நின்று, உள்ளங்கைகளைத் தோள் உயரத்தில் சுவரில் பதித்து, முழங்கையை மடக்கிச் சுவரை நோக்கிச் சாய்ந்து, திரும்பத் தள்ளி நிமிருங்கள். மணிக்கட்டு, கை, தோள் எலும்புகளுக்கு இது நல்லது. எட்டு முறை.

ஐந்தாவது, முதுகை நிமிர்த்துதல். சுவரில் முதுகைச் சாய்த்து நின்று, தோள்பட்டை எலும்புகள் இரண்டையும் பின்னால் ஒன்றை நோக்கி ஒன்று இழுத்து, தாடையை உள்வாங்கி, ஐந்து எண்ணி விடுங்கள். எட்டு முறை. கூன் விழாமல் காக்க உதவும் தசைகள் இவை.

ஐந்தும் சேர்ந்து பத்து நிமிடம்தான். 65 வயதுக்கு மேற்பட்டவர்கள் வாரத்தில் குறைந்தது மூன்று நாள் வலிமைக்கும் சமநிலைக்குமான பயிற்சி செய்ய வேண்டும், வாரத்துக்கு 150 நிமிடமாவது நடை போன்ற இயக்கமும் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டில் அறிவுறுத்தியது. "நான் தினமும் நடக்கிறேனே" என்பவர்களும் இந்த ஐந்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். நடை இதயத்துக்கு நல்லது. எலும்புக்கும் தொடைக்கும் அது மட்டும் போதாது.

செய்யும்போது மூச்சை அடக்கக் கூடாது. இரத்த அழுத்தம் ஏறும். அதற்கு ஓர் எளிய வழி சொல்கிறேன். எழும்போது "இயேசுவே" என்று வாய்விட்டு மெதுவாகச் சொல்லிக்கொண்டே எழுங்கள். சொல் வெளியே வரும்போது மூச்சும் வெளியே வந்துவிடும். உட்காரும்போது மூச்சை உள்ளே இழுங்கள். பாதம் தரையில் எங்கே பதிகிறது, எடை எந்தக் காலில் நிற்கிறது என்று கவனியுங்கள். தொலைக்காட்சியை நிறுத்திவிட்டுச் செய்யுங்கள்.

இந்தக் கவனம் வெறும் அலங்காரம் அல்ல. 1997ஆம் ஆண்டு ஸ்வீடன் நாட்டில் முதியோர் 58 பேரை மருத்துவர்கள் கவனித்தார்கள். கூட நடந்துகொண்டே பேச்சுக் கொடுத்தார்கள். பேசுவதற்காக நடையை நிறுத்திவிட்டவர்கள் 12 பேர். அடுத்த ஆறு மாதத்துக்குள் அவர்களில் 10 பேர் கீழே விழுந்தார்கள். கால் தளர்ந்தவர்களுக்கு நடப்பதே முழுக் கவனம் கேட்கும் வேலையாகிவிடுகிறது. மனம் வேறெங்கோ போனால் கால் தவறிவிடும். ஆகவே காலில் கவனம் வைத்துப் பழகுவதும் பயிற்சியில் ஒரு பங்குதான்.

எப்போது செய்வது? நம் பெரியவர்களுக்கு மூவேளைச் செப மணி தெரியும். காலை, நண்பகல், மாலை. மணி கேட்டதும் செபம் சொல்லிவிட்டு, அந்த இடத்திலேயே ஐந்து முறை எழுந்து உட்காருங்கள். ஒரு நாளைக்குப் பதினைந்து ஆகிவிடும். மற்ற நான்கையும் மாலையில் செய்யுங்கள். பழக்கத்தோடு பழக்கத்தைக் கட்டிவிட்டால் மறக்காது.

உணவையும் பார்க்க வேண்டும். எலும்பு கட்டச் சுண்ணாம்புச் சத்தும், தசை கட்டப் புரதமும் தேவை. நூறு கிராம் ராகியில் சுமார் 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. தானியங்களில் ராகிக்கு ஈடு அரிது. ராகிக்களி, பால், தயிர், மோர், எள்ளுருண்டை, முருங்கைக்கீரை எல்லாம் நம் வீட்டில் உள்ளவையே. கொள்ளுப் பருப்பு, முட்டை, மீன் புரதத்துக்கு. வயதானதும் பலர் இரவில் இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். தசைக்கு அது போதாது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவர் சொன்ன அளவில் சாப்பிடுங்கள். இத்தனை வெயில் அடிக்கும் நம் நாட்டில் வைட்டமின் டி குறைபாடு பரவலாக இருக்கிறது. காரணம், நாம் வெயிலில் இருப்பதில்லை. கையிலும் காலிலும் கொஞ்சம் வெயில் படட்டும்.

வீட்டையும் ஒருமுறை சுற்றிப் பாருங்கள். கட்டிலிலிருந்து கழிப்பறைக்குப் போகும் வழியில் இரவு விளக்கு இருக்கிறதா? குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கிறதா? தேய்ந்த ரப்பர் செருப்பு, நிலைப்படியில் சுருண்டு கிடக்கும் மிதியடி, தரையில் புரளும் சேலைத் தலைப்பு, இவை ஒவ்வொன்றும் ஓர் இடுப்பெலும்பை முறித்துவிடப் போதும். உலகம் முழுவதும் ஆண்டுக்கு சுமார் 6,84,000 பேர் கீழே விழுந்து இறக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. இடுப்பு முறிந்து பிழைத்துக்கொண்டாலும் பலர் பழைய நடைக்குத் திரும்புவதில்லை. இரவில் விழித்ததும் உடனே எழ வேண்டாம். கட்டிலில் உட்கார்ந்து ஒரு 'அருள்நிறைந்த மரியே' சொல்லிவிட்டு எழுங்கள். அதற்குள் இரத்தம் தலைக்கு ஏறிவிடும்.

அந்தப் பாட்டியைப் பற்றிச் சொன்னேனே. அவர் பேத்தி இயன்முறை மருத்துவர் ஒருவரை வீட்டுக்கு அழைத்துவந்தார். கட்டிலின் உயரத்திலிருந்து எழுந்து பழகுவதில் தொடங்கினார்கள். முதல் வாரம் இரண்டு முறைகூட முடியவில்லை. பாட்டிக்குக் கோபம்கூட வந்தது. பல மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு ஆலயத்துக்கு வந்தார். கையில் ஊன்றுகோல் இருந்தது. முழந்தாளிடவில்லை, பாயில் உட்காரவுமில்லை. ஆனால் நற்செய்தி வாசகம் தொடங்கியபோது எழுந்து நின்றார். முடியும் வரை நின்றார். அவ்வளவுதான் நடந்தது. எனக்கு அன்று மறையுரை தொடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

பிள்ளைகளே, இன்று மாலை உங்கள் வீட்டுப் பெரியவர்களோடு ஒரு காரியம் செய்யுங்கள். கையை மார்பில் வைத்துக்கொண்டு முப்பது வினாடியில் எத்தனை முறை நாற்காலியிலிருந்து எழுந்து உட்கார முடிகிறது என்று, பக்கத்தில் நின்று எண்ணுங்கள். எழுபது முதல் எழுபத்து நான்கு வயது வரை உள்ளவர்களில் பெண்கள் பத்துக்குக் குறைவாகவும், ஆண்கள் பன்னிரண்டுக்குக் குறைவாகவும் செய்தால் கால் பலம் குறைந்திருக்கிறது, விழும் அபாயம் இருக்கிறது என்று பொருள். ஒரு முறையும் முடியவில்லை என்றால் கேலி செய்ய வேண்டாம், பயப்படவும் வேண்டாம். அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். எண்ணிக்கையை நாட்காட்டியில் எழுதி வையுங்கள். இரண்டு மாதம் கழித்து மறுபடி எண்ணிப் பாருங்கள். அன்பியக் கூட்டம் தொடங்குவதற்கு முன் பத்து நிமிடம் எல்லாரும் சேர்ந்து இதைச் செய்தால், தனியாக வீட்டில் இருக்கும் பெரியவர்களுக்கும் துணை கிடைக்கும்.

அந்தத் தொழுகைக்கூடத்தில் ஆண்டவர் கண்ட பெண்ணை நாமும் நம் வீட்டில் காண்போம். அருகில் சென்று அழைப்போம். எழுந்திருக்கக் கை கொடுப்போம். பிறகு, அவர்களால் முடியும்போது, கையை மெல்ல விடுவோம்.

இறைவன் உங்களையும் உங்கள் குடும்பத்துப் பெரியவர்களையும் நிறைவாக ஆசீர்வதிப்பாராக. ஆமென்.